ஒற்றைக் குரல்

ரோலண்ட் எஸ்ஹெச்-101 சின்தசைசரை மேசைமேல் வைத்து, கால் அங்குல ஜாக்கை ஆம்ப்பில் சொருகி, ஆசையோடு ஒரு கட்டையை அழுத்தினால் பல நேரம் ஒன்றுமே கேட்காது. பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை. நமக்கு முன் வாசித்தவர் மிக்சர் ஸ்லைடர்களை இறக்கிவிட்டுப் போயிருப்பார். இல்லையென்றால் ஃபில்டரை அடியோடு மூடியிருப்பார். இந்தப் பெட்டிக்கு ஒலிகளைச் சேமித்து வைக்கும் நினைவகம் கிடையாது. "பியானோ", "புல்லாங்குழல்" என்று எழுதிய பொத்தான்களும் கிடையாது. ஸ்லைடர்கள் எங்கெங்கே நிற்கின்றனவோ அதுதான் ஒலி.

அதனால் என் வழக்கம், முதலில் எல்லா ஸ்லைடர்களையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவது. இரண்டு இடத்தில் மட்டும் விதிவிலக்கு. ஃபில்டரின் ஃப்ரீக்வென்சி ஸ்லைடரை உச்சிக்கு ஏற்றிவிடுவேன். ஒலியளவைக் கவனிக்கும் விசிஏ என்ற பகுதியில் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். அதை 'கேட்' பக்கம் தள்ளிவிடுவேன். கட்டை அழுத்தியிருக்கும்வரை ஒலி, விட்டால் மௌனம் என்று அதற்குப் பொருள். இப்போது கதவும் ஜன்னலும் திறந்திருக்கின்றன, வீட்டுக்குள்தான் ஆளில்லை. அந்த நிலையில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு, ரம்ப அலையின் ஸ்லைடரை மெல்ல மேலே தள்ள வேண்டும்.

பழைய அரசு அலுவலகத்து அழைப்பு மணி போல ஒன்று 'ர்ர்ர்' என்று கிளம்பும். முதன்முறை கேட்பவர் முகம் சுளிப்பார். இதற்கா இவ்வளவு பேச்சு என்பார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த 'ர்ர்ர்'ருக்குள் அடிச்சுருதி இருக்கிறது. அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மேல்சுரங்களும் படிப்படியாகத் தேய்ந்தபடி இருக்கின்றன. இரண்டாவது அரைப் பங்கு, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, பத்தாவது பத்தில் ஒரு பங்கு. இது செதுக்காத முழு மரம். செதுக்கும் உளி ஃபில்டர்; அதற்குப் பிறகு வருவோம்.

1982இல் வெளிவந்த கருவி இது. இக்குதாரோ காகெஹாஷி 1972இல் ஒசாகாவில் தொடங்கிய ரோலண்ட் நிறுவனம், மேடையில் துள்ளிக் குதிக்கும் இளசுகளை நினைத்துச் செய்தது. பிளாஸ்டிக் உடம்பு, சுமார் நான்கு கிலோ எடை, 32 கட்டைகள். பேட்டரியிலும் ஓடும். சாம்பல், சிவப்பு, நீலம் என்று மூன்று நிறம். வார் பூட்டிக் கிட்டார் போலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். இடது கைக்குத் தனியாக ஒரு பிடியும் விலைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிடியோடு எடுத்த பழைய விளம்பரப் படங்களைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வரும். அடுத்த வருடமே யமஹா டிஎக்ஸ்7 வந்தது. டிஜிட்டல், ஒரே நேரத்தில் பதினாறு குரல், நினைவகம், கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியான மிடி எல்லாம் அதில் இருந்தன. ஒரே ஒரு குரலும் மிடி இல்லாத முதுகுமாக நின்ற எஸ்ஹெச்-101ஐ யார் சீண்டுவார்கள்? பழைய பொருளாக மலிந்தது. மலிந்ததால் காசில்லாத பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மான்செஸ்டர்காரர் 'எ கை கால்டு ஜெரால்டு' 1988இல் 'வூடூ ரே' செய்தபோது அதில் நெளியும் குரல்களில் இதன் குரலும் உண்டு.

வரலாறு அவ்வளவு போதும். என்னைக் கட்டிப்போட்டது வேறு சங்கதி. இந்தப் பெட்டிக்குள் எல்லாமே ஒன்றுதான். ஒலியைப் பிறப்பிக்க ஒரு ஆசிலேட்டர், செதுக்க ஒரு ஃபில்டர், எழுந்து அடங்கும் வடிவத்துக்கு ஒரு என்வலப், மெதுவாக ஆட்டிவைக்க ஒரு எல்எஃப்ஓ. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் மாதிரி, இருக்கிற ஒன்றே நாலு வேலை பார்த்தாக வேண்டும். எந்த ஒன்று எந்தெந்த வேலைக்குப் போகிறது என்று கவனிப்பதில்தான் இதன் ருசி முழுக்க இருக்கிறது.

சப் ஆசிலேட்டர் என்று எழுதிய ஸ்லைடரை எடுத்துக்கொள்வோம். ஏற்றியதும் அடியில் இன்னொரு குரல் சேர்ந்து, தரை கனத்ததுபோல் ஆகிவிடும். இன்னொரு ஆசிலேட்டர் இருக்கிறது என்றே காது நம்பும். உண்மையில் உள்ளே இருப்பது எண்ணத் தெரிந்த ஒரு சின்னஞ்சிறு சுற்று. மேலே ஆசிலேட்டர் இரண்டு முறை அதிர்ந்தால் இது ஒரு முறை தலையாட்டும். மேற்காலத்தில் ஒருவர் பாட, பக்கத்தில் கீழ்க்காலத்தில் ஒருவர் தாளம் போடுவது போலத்தான். வேகம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். நான்குக்கு ஒன்று என்று எண்ணினால் இரண்டு ஸ்தாயி. இரண்டுக்கும் ஸ்விட்ச் உண்டு. மூன்றாம் நிலையில் அதே இரண்டாம் கீழ்ஸ்தாயியை ஒடுங்கிய துடிப்பாகத் தரும். கொஞ்சம் மூக்கால் பேசும் குரல், எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

இதில் ஒரு விளைவு இருக்கிறது. மினிமூக் என்ற சின்தசைசரில் மூன்று தனித்தனி ஆசிலேட்டர்கள். அவை ஒருபோதும் நூலிழை பிசகாமல் ஒத்துப் போகா. இரண்டு நாகஸ்வரங்கள் சேர்ந்து ஊதும்போது காற்றில் ஒரு அலைவு தெரியுமே, அந்த அலைவுதான் மினிமூகின் அழகு. எஸ்ஹெச்-101இல் அது கிடைக்காது. எண்ணிப் பிறந்த குரல் எப்படிப் பிசகும்? ஸ்தாயி எப்போதும் கல்லில் வெட்டியது போல நிற்கும். பாஸ் வாசிக்கும்போது அந்த உறுதி எவ்வளவு பெரிய சொத்து என்று புரியும். தாய்க்குரலும் பிள்ளைக்குரலும் ஒன்றையொன்று தின்றுகொள்வதில்லை. ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழுகிறது.

அலைவு வேண்டுமென்றால் வேறு வழி வைத்திருக்கிறார்கள். சதுர அலையின் மேடும் பள்ளமும் சரிபாதியாக இருந்தால் ஒற்றைப்படை மேல்சுரங்கள் மட்டுமே ஒலிக்கும். கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்கள் போல உள்ளே பொள்ளலான ஒலி. மேட்டை ஒடுக்கிக்கொண்டே போனால் குரல் மெலிந்து, கூர்மையாகி, மூக்கடைத்தவர் பேசுவதுபோல் ஆகும். இந்த அகலத்தை எல்எஃப்ஓவின் கையில் ஒப்படைத்து, அதன் வேகத்தை வெகுவாகக் குறைத்து வைத்தால், ஒற்றைக் குரல் மெல்ல மூச்சு விடத் தொடங்கும். இரண்டு பேர் பாடுகிறார்களோ என்று காது மயங்கும். முழு வாத்தியக்குழுவின் அகலம் இதில் வராது. அதைக் கேட்டு இதனிடம் போவது, டீக்கடையில் சாப்பாடு கேட்பது போல.

இப்போது உளி. ஃப்ரீக்வென்சி ஸ்லைடரை மேலிருந்து இறக்க இறக்க, மேல்சுரங்கள் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக உதிரும். பளபளப்பு போகும், பிறகு உயிரெழுத்துகள் மாறும்: 'ஈ' போன்ற ஒன்று 'ஆ' ஆகி, 'ஓ' ஆகி, கடைசியில் வாய் மூடிய 'ம்' மட்டும் மிஞ்சும். வெட்டும் இடத்துக்கு மேலே ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் சரியும் செங்குத்தான ஃபில்டர் இது. அதனால் ஸ்லைடர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் காதுக்குத் தெரிகிறது. ரெசனன்ஸை ஏற்றினால் வெட்டும் இடத்தில் இருக்கும் சுரம் மட்டும் துருத்திக்கொண்டு கிளம்பும். தண்ணீர்க் குடத்தின் கழுத்தருகே 'ளொளக்' என்று வரும் ஓசையின் ஒரு சாயல் அதில் உண்டு. இன்னும் ஏற்றினால் ஃபில்டரே பாடத் தொடங்கிவிடும். மிக்சரில் உள்ள நான்கு ஸ்லைடர்களையும் இறக்கிவிட்டுப் பாருங்கள்: ஆசிலேட்டர் வாயை மூடிக்கொண்டது, ஆனாலும் சுத்தமான ஒரு விசில் ஒலி. கேபிடி என்று குறித்த ஸ்லைடரை உயர்த்தினால் அந்த விசில் கட்டைகளைப் பின்தொடரும். கிட்டத்தட்ட சுருதியோடு மெட்டு வாசிக்கலாம். உளி சிற்பமாகிவிட்டது.

என்வலப்பும் ஒன்றுதான் என்றேனே. ஒலி எப்படிப் பிறந்து, தணிந்து, நின்று, மறைகிறது என்பதை நான்கு ஸ்லைடர்கள் தீர்மானிக்கின்றன. ஃபில்டரின் திறப்பும் ஒலியின் அளவும் இந்த ஒன்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் கேட்டால் மற்றவருக்கு இல்லை என்ற சண்டை வராமலிருக்கத்தான் முதலில் சொன்ன 'கேட்' ஸ்விட்ச். அதைத் தள்ளிவிட்டால் ஒலியளவு விரலை மட்டும் பார்த்துக்கொள்ளும். என்வலப் முழுதும் ஃபில்டருக்கு. விலை குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் ஒரே வளைகோடு பிரகாசத்தையும் அளவையும் சேர்த்து இறக்கும்போது, மீட்டிய தந்தி அடங்குவதுபோல் இயல்பாக இருக்கிறது. தந்தியிலும் முதலில் பளபளப்புதானே போகிறது?

என்வலப்பின் அருகே மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்று, பார்வைக்கு அற்பமானது. ஒரு நிலையில், முந்தைய கட்டையை விடாமல் அடுத்ததைத் தொட்டாலும் என்வலப் புதிதாகத் தொடங்கும். கடைசியாகத் தொட்ட கட்டைக்கே முன்னுரிமை. நடு நிலையில், தொடர்ந்து பிடித்தபடி வாசித்தால் என்வலப் மறுபடி தொடங்காது. அழுத்தியவற்றில் எது தாழ்ந்ததோ அதுதான் ஒலிக்கும். ஒரு மேல்சுரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே ஒன்றைத் தட்டித் தட்டி எடுத்தால் குரல் இறங்கி ஏறி மினுங்கும். அதே விரல்களை முதல் நிலையில் வைத்துச் செய்தால் ஒவ்வொரு தட்டும் தனித்தனி மீட்டாகத் தெறிக்கும். மூன்றாம் நிலையில் எல்எஃப்ஓ தன் ஒவ்வொரு சுற்றுக்கும் என்வலப்பைக் கிள்ளிவிடும். கட்டையைப் பிடித்தபடி இருந்தால் போதும், மாண்டலின் போலப் பொரிந்து தள்ளும். ஒரு நகக்கண் அளவு ஸ்விட்ச்சுக்குள் மூன்று கைப்பழக்கங்கள்.

சுருதியிலிருந்து சுருதிக்கு வழுக்கிப் போகும் போர்ட்டமென்டோவிலும் அப்படி ஒரு நயம். 'ஆட்டோ' என்ற நிலையில் வைத்தால், கட்டைகளைக் கோத்து வாசிக்கும்போது மட்டும் வழுக்கும். விட்டு வாசித்தால் நேராகப் போய் விழும். அதாவது எங்கே ஜாரு, எங்கே வெட்டு என்பதை விரல் தீர்மானிக்கிறது. வழுக்குவது எப்போதும் ஒரே விதமாக இருப்பதால் இதைக் கமகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிந்துபைரவியை ஒரு நாள் பொறுமையாகத் தடவிப் பார்த்தேன். பக்கத்து அறையிலிருந்தவர்கள் திட்டவில்லை.

எல்எஃப்ஓவுக்குத்தான் வேலை அதிகம். நொடிக்கு முப்பது அதிர்விலிருந்து, பத்து நொடிக்கு ஒன்று என்று தூங்கி வழிவது வரை போகும். குரலை அசைப்பது, ஃபில்டரை ஆட்டுவது, சதுர அலையை ஒடுக்குவது எல்லாம் அதுதான். பதிந்த சுரவரிசையைத் தானே வாசிக்கும் சீக்வென்சர், பிடித்த கட்டைகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் ஆர்பெஜியேட்டர் இரண்டுக்கும் கடிகாரமும் அதுவே! தனிக் கடிகாரம் வைக்கக் காசில்லை போலும். இதனால் நடந்ததைப் பாருங்கள். எல்எஃப்ஓவை 'ராண்டம்' அலைக்கு மாற்றி, அதைக் கொஞ்சம் ஃபில்டருக்கு அனுப்பினால், சீக்வென்சரின் ஒவ்வொரு அடிக்கும் ஃபில்டர் ஒரு புதிய உயரத்தில் நிற்கிறது. ஒன்று இருட்டு, அடுத்தது வெளிச்சம், அதற்கடுத்தது நடுத்தரம். இரண்டும் ஒரே கடிகாரமாதலால் ஒரு துளியும் பிந்துவதில்லை. அதே சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு ஆவர்த்தனமும் வேறு முகம் காட்டுகிறது.

சீக்வென்சரில் நூறு அடிகள். 'லோட்' பொத்தானை அழுத்தி, சுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். தாளத்தில் தொட வேண்டிய கட்டாயமில்லை, நிதானமாக ஒற்றை விரலால் தொடலாம். இடைவெளிக்கு ஒரு பொத்தான், முந்தைய சுரத்தை நீட்ட ஒரு பொத்தான். எத்தனை அடியில் நிறுத்த வேண்டும் என்று பெட்டி கேட்பதில்லை. பதினாறு, முப்பத்திரண்டு என்ற வாடிக்கைக் கட்டங்களும் இல்லை. ஐந்து சுரம் போட்டு நிறுத்தினால் ஐந்திலேயே சுற்றும். நாலு நாலாக அடிக்கும் டிரம் மெஷினுக்கு எதிரே அதை ஓட விட்டால் இரண்டும் இருபதாவது அடி முடிந்துதான் மறுபடி ஒன்றாக எடுக்கும். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் காத்திருப்பும் வந்து சேரும் இடமும் விளக்கம் இல்லாமலே புரியும்.

இன்னும் ஒரு படி போகலாம். பின்புறத்துக் கடிகாரத் துளையில் டிரம் மெஷினின் ட்ரிகர் வயரைச் சொருகினால், ஒரு துடிப்பு வந்தால்தான் ஒரு அடி நகரும். துடிப்புகளைச் சீராக அனுப்பாமல் விட்டு விட்டு அனுப்பினால் சுரங்களும் அந்த நடையிலேயே குதிக்கும். சுரங்களின் வரிசை ஒரு பெட்டியில், அவற்றின் நடை இன்னொரு பெட்டியில். பிறகு ஒரு கட்டையைத் தொட்டு முழு வரிசையையும் வேறு சுருதிக்கு மாற்றலாம்.

அதே முதுகில் சிவி, கேட் என்று எழுதிய துளைகள். மிடி வருவதற்கு முந்தைய மொழி. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஆகவே ஒரு அரைச்சுரம் என்பது ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 83 மில்லிவோல்ட். வோல்ட்டைக் கூட்டினால் அதிர்வெண் பெருக வேண்டும் என்ற கணக்கைச் சூடு எளிதில் கெடுத்துவிடும். பழைய சின்த்துகள் மேடை விளக்கில் சுருதி விலகியது அதனால்தான். இதன் ஆசிலேட்டர் சிப்பான சிஇஎம் 3340, டக் கர்ட்டிஸ் வடிவமைத்தது. சூட்டை ஈடுகட்டும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படியும் போட்டவுடன் வாசிக்கத் தொடங்காமல் கொஞ்ச நேரம் விட்டு, ட்யூன் குமிழைத் தம்புராவோடு ஒத்துப் பார்த்துக்கொள்வது என் பழக்கம். எண்ணெய் காய்வதற்குள் கடுகைப் போடக் கூடாதில்லையா.

நேற்றிரவு ஒரு நல்ல ஒலி அமைந்தது. சதுர அலை பாதி, அடிக்குரல் முக்கால், ரெசனன்ஸ் விளிம்புக்குச் சற்று முன்னால். காலையில் வந்து போட்டால் அப்படியே கிடைக்கும், ஸ்லைடர்களை யாரும் தொடவில்லை என்றால். மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலி முழுதும் அங்கே வெள்ளைக் கொண்டைகளாக வரிசையில் நின்றது. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு படுக்கப் போனேன். காலையில் என் அண்ணன் மகள் எனக்கு முன்னால் எழுந்து, ஆறு வயதுக் கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டிருந்தாள். போட்டுப் பார்த்தேன். அவள் அமைத்தது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.