விட்டுப் பிடிக்கும் ஸ்ப்ளிட்டர்

ஸ்போர்ட்ஸ் காரின் முன் பம்பருக்கு அடியில், தரைக்கு இணையாக, மூக்குக்கு வெளியே சற்றே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் பலகைதான் ஸ்ப்ளிட்டர். எதிர்க்காற்று பம்பரில் மோதித் தேங்குவதால் பலகைக்கு மேலே அழுத்தம் கூடுகிறது. அடியில் புகும் காற்று வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் குறைகிறது. இந்த வித்தியாசம்தான் முன் சக்கரங்களைத் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 300 பாஸ்கல். 160-இல் அது 1,200 பாஸ்கலை நெருங்கிவிடும். 1.7 மீட்டர் அகலத்தில் 6 செ.மீ. மட்டும் வெளியே நீளும் பலகையின் மேல் அது ஏறக்குறைய 12 கிலோ எடை வைத்ததற்குச் சமம். அடியில் உறிஞ்சும் விசை இதற்கு மேல்.

காற்று பலகையைக் கீழே அழுத்துகிறது. ரேஸ் தடத்தின் ஓரமேடான கெர்பும் சரிவுப் பாதையும் வேகத்தடையும் அதை மேலே தள்ளுகின்றன. சந்தையில் நான் பார்த்த ஸ்ப்ளிட்டர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒரே மாதிரி எதிர்க்கும்படி செய்யப்பட்டவை. அவை உடைவதற்குக் காரணமும் அதுதான்.

நண்பர் ஒருவரின் போர்ஷே 718 கேமனில் மூன்று வகைகளை மாட்டிப் பார்த்தோம்: கடையில் வாங்கிய கார்பன் ஃபைபர் ஸ்ப்ளிட்டர், கடையில் வாங்கிய பாலியூரித்தேன் லிப் (பம்பரின் கீழ்விளிம்பில் மாட்டும் பட்டை), கோவையில் நாங்களே செய்த ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பலகை. ஓட்டிப் பார்த்தது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். 2.1 கி.மீ. நீளமுள்ள இந்தத் தடம் எஸ்.கரிவரதனின் பெயரைத் தாங்கியது. சாதாரண மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கோவையிலேயே உருவாக்கிக் காட்டியவர் அவர். வெளிநாட்டுப் பெட்டிக்காகக் காத்திருக்காமல் பட்டறையில் செய்துபார்ப்பது கோவைக்குப் புதிதல்ல.

கார்பன் ஃபைபரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடை குறைவு, விறைப்பு அதிகம், கண்ணுக்கு அழகு. வேகத்தில் அதன் விளிம்பு அசையவே இல்லை. ஆனால் கெர்பில் ஒரு முறை பட்டதும் ஓரம் பிளந்து நார்நாராகப் பிரிந்துவிட்டது. பிரிந்த முனை கையைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மை. கண்ணாடியிழையில் செய்தவையும் இப்படித்தான் விரிசல் விடும். சமதளமான தடத்தில், உதிரிப் பாகம் கையிருப்பில் உள்ள அணிக்கு இது பொருந்தலாம்.

பாலியூரித்தேன் நேர் எதிர். அடித்தாலும் வளைந்து பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. போர்ஷேவே தன் ஜிடி3 கார்களில் வளையும் பிளாஸ்டிக் லிப்பைத் தனித் துண்டாகத் திருகியிருப்பது, தேய்ந்தால் அதை மட்டும் மாற்றத்தான். ஆனால் நாங்கள் வாங்கிய லிப்புக்கு அடித்தளப் பலகை கிடையாது; பம்பர் உறையின் கிளிப்புகளையே நம்பித் தொங்குகிறது. வெயிலில் இளகி, நேர்ப்பாதையில் படபடத்தது. அடி தாங்குகிறது, ஆனால் ஸ்ப்ளிட்டரின் வேலையைச் செய்யவில்லை.

அதனால்தான் ஹெச்.டி.பி.ஈ. காய் நறுக்கும் பலகையும் குடிநீர்க் குழாயும் செய்யப்படும் அதே பிளாஸ்டிக். உடையாமல் வளையும், தரையில் உரசினால் வழுக்கும், தண்ணீரும் பெட்ரோலும் பட்டால் கரையாது. கருப்பு நிறத்தையே கேட்டு வாங்குங்கள். அதில் கலந்திருக்கும் கார்பன் கருமை வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். நாங்கள் எடுத்தது 8 மி.மீ. தகடு. விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 6 மி.மீ. தகட்டைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பானது. கேமனுக்கு வெட்டிய பலகை நான்கரை கிலோவை ஒட்டி வந்தது.

முதலில் அட்டையில் மாதிரி வெட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் உரசாத இடத்தைக் குறித்துக்கொண்டோம். கேமனின் ரேடியேட்டர்கள் முன் மூலைகளில் இருக்கின்றன. அவற்றின் வெப்பக் காற்று சக்கரத்துக்கு முன்னால் வெளியேறும் வழியைப் பலகை மூடிவிடக் கூடாது. ஜிக்சா ரம்பத்தில் பெரிய பல் பிளேடு போட்டு மெதுவாக ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடமே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். உள்மூலைகளைக் கூராக விடாமல் முதலில் துளை போட்டு வளைவாக்கினோம், ஏனென்றால் விரிசல் தொடங்குவது கூர்மூலையில்தான். முன் விளிம்பை ரூட்டரில் உருட்டிவிட்டோம்.

இனிதான் முக்கியமான இடம். ஹெச்.டி.பி.ஈ. வெப்பத்தில் நிறையவே நீளும். காலைக் குளிருக்கும் மதியத் தார்ச் சூட்டுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால், 1.7 மீட்டர் பலகை ஆறேழு மில்லிமீட்டர் நீண்டுவிடும். இரும்பு அதில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. வட்டத் துளை போட்டு இறுக்கினால் மதியத்துக்குள் பலகை அலை அலையாக நெளிந்துவிடும். ரூட்டர் போட்டுத் தந்த, கோவை கணபதி பகுதியின் பட்டறைக்காரர் வரைபடத்தைப் பார்த்ததுமே, "இறுக்கிப் புடிச்சா நெளியுமுங்க, விட்டுப் புடிங்க" என்றார். அவர் சொன்னபடி நடுத் துளையை மட்டும் வட்டமாக வைத்து, மற்றவற்றை அகலவாக்கில் நீள்துளைகளாக வெட்டினோம். ஒவ்வொன்றிலும் பலகையின் தடிமனைவிட நூலளவு உயரமான அலுமினிய புஷ். போல்ட் இறுகுவது புஷ்ஷின் மேல்; பலகை வாஷருக்கு அடியில் தாராளமாக நகரும். இந்தப் பிளாஸ்டிக் தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல நசுங்கும் என்பதால், புஷ் இல்லாவிட்டால் போல்ட் தானாகவே தளர்ந்துவிடும்.

பின்பகுதியைப் பம்பர் உறையில் அல்லாமல், அடியில் உள்ள உலோகச் சட்டத்தில் பிராக்கெட் வைத்துப் பிணைத்தோம். முன்விளிம்பைத் தாங்க எல்லாரும் போடும் இரும்புக் கம்பிக்குப் பதிலாக மெல்லிய ஸ்டீல் ஒயர் ரோப். காற்று கீழே அழுத்தும்போது ரோப் விறைத்து நின்று தாங்குகிறது. தரை மேலே தள்ளும்போது அது துவண்டு வழிவிடுகிறது. பலகை மேலேறி வளைந்து தானாகத் திரும்புகிறது. விறைப்பான கம்பி போட்டிருந்தால் அதே அடி பம்பரைக் குத்திக் கிழித்திருக்கும். பம்பருக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கை ரப்பர் பட்டை வைத்து அடைத்தோம். மேலே தேங்க வேண்டிய காற்று ஒழுகினால் பலகை வெறும் சுமைதான்.

தடத்தில் வேகமான வளைவுகளில் ஸ்டியரிங் கனத்து, மூக்கு உள்நோக்கித் திரும்புவது கையிலேயே தெரிந்தது. மெதுவான திருப்பங்களில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வேகத்தில் காற்றுக்கு அவ்வளவுதான் பலம். கேமரா வைத்துப் பார்த்ததில் விளிம்பு படபடக்கவில்லை. கார்பனைப் பிளந்த அதே கெர்பில் இதை ஏற்றினோம், ஒரு மில் வளாகத்தின் வேகத்தடையிலும் ஏற்றினோம். இந்திய சாலைக் காங்கிரஸின் 1988 வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்தில் 10 செ.மீ. உயரம் மட்டுமே எழ வேண்டும்; அந்த மில்லில் இருந்தது பாதி நீளம்கூட இல்லாத குறுகலான மேடு. பலகை உரசியது, வளைந்தது, திரும்பியது. அடியில் கீறல்கள் தவிர வேறு சேதமில்லை.

குறைகளும் உண்டு. பெயின்ட் ஒட்டாது, பசையும் ஒட்டாது. உரசிய ஓரத்தில் பிசிறு எழும், அவ்வப்போது சீவிவிட வேண்டும். நீண்ட நேரம் வெயிலில் நிறுத்தியதில் இரு பிடிமானங்களுக்கு நடுவே சற்றே தொய்ந்தது. அங்கே இன்னொரு ரோப் சேர்த்தோம். இதைவிடக் கவனிக்க வேண்டியது, முன்பக்கம் மட்டும் பிடிமானம் கூடினால் வேகமான வளைவில் பின்பக்கம் லேசாகும். கேமனின் பின் ஸ்பாய்லர் தானாக எழுந்தும் அந்த உணர்வு இருந்தது. அதனால் நீட்டத்தை 6 செ.மீ.க்குள் நிறுத்திக்கொண்டோம். இன்னும் நீட்ட நினைப்பவர்கள் பின்னால் விங் போட்ட பிறகே நீட்டட்டும்.

பொதுச் சாலைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதைவிட, பாதசாரியின் கால் உயரத்தில் நீட்டிய பலகையோடு நம் தெருக்களில் ஓட்டுவது சரியல்ல. பிராக்கெட்டைக் காரிலேயே விட்டுவிட்டு, பலகையைத் தடத்தில் மாட்டி, வீடு திரும்பும் முன் கழற்றிவிடுங்கள்.

தடத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு என் தேர்வு 8 மி.மீ. ஹெச்.டி.பி.ஈ. பலகை, நீள்துளை, புஷ், ஒயர் ரோப். கார்பன் ஒன்றின் விலையில் இதைப் பலமுறை செய்துகொள்ளலாம். கடையிலேயே வாங்குவதானால், காசு கொடுக்கும் முன் பலகையைத் திருப்பி, துளைகள் வட்டமா நீளமா என்றும், முன்விளிம்பு மேல்நோக்கி வளைய இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.