அவர்கள் சொல்ல, நாம் கேட்க

திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் அறைந்து பாவ அறிக்கை செய்யும் நாம், நம் திருச்சபையால் காயமுற்றோரின் குரலைக் கேட்க எத்துணை ஆயத்தமாக இருக்கிறோம்? 'ஷுகர்கேன்' (2024) என்னும் ஆவணப்படத்தைப் பார்த்து முடித்தபோது இவ்வினாவே நம் உள்ளத்தில் எஞ்சி நின்றது.

வட அமெரிக்காவின் முதற்குடி மக்களை நெடுங்காலம் பிறரே படம்பிடித்தனர். ராபர்ட் ஃபிளாஹெர்ட்டியின் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) புகழ்பெற்ற படமே. ஆயினும் அதில் இனுயிட் வேட்டைக்காரர் ஒருவர், துப்பாக்கியை ஒதுக்கி, முன்னோரைப்போல் ஈட்டி ஏந்தி நடிக்க நேர்ந்தது. இன்று நிலை மாறியுள்ளது. முதற்குடிக் கலைஞர்களின் படைப்புகளுக்கென்றே டொராண்டோ நகரில் 2000-ஆம் ஆண்டு முதல் 'இமாஜின்நேட்டிவ்' திரைவிழா நடைபெற்று வருகிறது. தம் கதையைத் தாமே சொல்லும் இவ்வெழுச்சியின் காலத்தில் பிறந்ததே 'ஷுகர்கேன்'.

செக்வெபெம்க் இனத்தவரான ஜூலியன் பிரேவ் நாய்ஸ்கேட்டும், இதழாளர் எமிலி காஸியும் இணைந்து இதனை இயக்கியுள்ளனர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வில்லியம்ஸ் லேக் அருகே 1981 வரை இயங்கிய புனித சூசையப்பர் உறைவிடப் பள்ளியே படத்தின் மையம். கனடாவின் இத்தகைய பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 சிறார் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்டனர். அவற்றுள் பெரும்பகுதியை நடத்தியவை கத்தோலிக்க அமைப்புகள். இப்பள்ளியை நடத்திய அமலமரித் தியாகிகள் சபையினரே 1847-இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத் தமிழரிடையே மறைப்பணியும் கல்விப்பணியும் ஆற்றியவர்கள். ஆகவே இதனை அயலார் கதையெனக் கடந்துபோக நமக்கு இயலாது.

இயக்குநரின் தந்தை, பச்சிளங்குழந்தையாக அப்பள்ளியின் குப்பை எரிகலத்தில் கண்டெடுக்கப்பட்டவர். மகன் அவரிடம் வினவும் காட்சிகளில் காமிரா அவசரப்படுவதில்லை. சொல் வராத இடத்தில் மௌனத்துக்கு இடம் விடுகிறது. முன்னாள் மாணவரும் இனத்தலைவராக இருந்தவருமான ரிக் கில்பர்ட், விசுவாசம் விடாத கத்தோலிக்கர். 2022-இல் உரோமை சென்று, அச்சபையின் தலைமை அதிபர் முன் அமர்ந்து, நேர்ந்ததைச் சொல்கிறார். அதிபர் வருத்தம் தெரிவிக்கிறார். வருந்துவது முதற்படியே, செயலும் வேண்டுமென்று, விவிலியத்தையே நினைவூட்டிக் கில்பர்ட் மறுமொழி கூறுகிறார். அவர் குரலில் சினமில்லை. அதனாலேயே அது நம்மைச் சுடுகிறது.

பல இழைகளை ஒருங்கே பின்ன முயல்வதால், பின்னணி அறியாதோர்க்குப் படம் ஆங்காங்கே தெளிவின்றித் தோன்றலாம். இது குறையே. எனினும், எல்லாவற்றையும் விளக்கிக் கண்ணீரை வரவழைக்கும் எளிய வழியை அது நாடவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2022 ஜூலையில் கனடாவின் மஸ்க்வாசிஸ் மண்ணில் நின்று மன்னிப்புக் கேட்டார். அதன் பொருளை உணர விரும்புவோர் இப்படத்தைக் காணவேண்டும். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைப் பங்குதோறும் திரையிடுகிறோம். இச்சிறாரின் பாடுகளையும் ஒருநாள் திரையிட்டு, பார்த்தபின் சற்று நேரம் பேசாதிருப்போமாக.