இரும்புக் கல்லுக்குப் பொய்ப் புகழ் வேண்டாம்

இரும்புத் தோசைக்கல்லை ஆசையாக வாங்கி, கொஞ்ச நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நடுவில் கருகுகிறது, ஓரம் வேகவில்லை, துருப்பிடிக்கிறது, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது என்று முறைப்பாடு. இவர்களைப் பார்த்துவிட்டு, புதிதாக வாங்க நினைப்பவர்களும் கடை வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். எரிச்சல் வருவது வாங்கி ஏமாந்தவர்கள்மேல் இல்லை, இரும்பைக் கண்ணை மூடிக்கொண்டு புகழும் சமையல் நிகழ்ச்சிக்காரர்கள்மேல்தான். இரும்பு சூட்டை எல்லா இடத்துக்கும் சமமாகப் பரப்பும் என்று ஒருவர் சொன்னதை அடுத்தவர் அப்படியே ஒப்புவிக்கிறார். அது பொய். சூட்டைப் பரப்புவதில் இரும்பு மந்தம். அதன் கெட்டித்தனம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அந்த இடம் தெரியாமல் வாங்கினால் கல்லும் வீண், காசும் வீண்.

அடிப்படையை விரைவாக முடித்துவிடலாம். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்குவரை காபன் கலந்திருக்கும். அதனால்தான் தூய இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் தேவைப்பட, இது 1,200 பாகையை ஒட்டியே உருகி, மணல் அச்சில் ஊற்றத் தோதாகிறது. இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி மணலில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றார். சீனர்களோ அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பை வார்த்தவர்கள். வாங்கிய கல்லைக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, துணியால் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, தேய்த்த எண்ணெயையும் துடைத்தெடுத்துவிட்டுப் புகை அடங்கும்வரை சூடாக்குங்கள். இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் கல் பழகும். இதில் நம் நாட்டுக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: தேங்காய் எண்ணெய். அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. சூட்டில் இறுகிப் படலமாகும் குணம் அதற்குக் குறைவு. நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோதான் கல்லில் இறுகிப் பிடிக்கும். பொரிப்பதற்குத் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள், பழக்குவதற்கு வேண்டாம்.

நல்ல வார்ப்பு எது என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளப் பேராதனைப் பக்கத்து ஆட்களுக்குக் கிடைத்த வசதி மற்றவர்களுக்கு இல்லை. கொழும்பு வீதியில் கொஞ்சத் தூரம் போனால் பிலிமத்தலாவை. அதைச் சுற்றி, 1344இல் கட்டப்பட்ட கடலாதெனிய விகாரையின் அயலிலும், பித்தளை வார்க்கும் குடும்பங்கள் வாழும் கிராமங்கள். கண்டி நாட்டுக் கைவினைகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட பெரிய நூலில் உலோக வேலைக்குத் தனி இடம் உண்டு. அந்த வேலையின் தொடர்ச்சியை இன்றும் வீதியோரக் கடைகளில் தொட்டுப் பார்க்கலாம். குத்துவிளக்கின் முகப்பைப் பார்த்து மயங்காதீர்கள், கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு எங்கே ஓடுகிறது, உருகிய உலோகம் உள்ளே நுழைந்த வாயை எங்கே அராவியிருக்கிறார்கள், காற்று சிக்கிக்கொண்ட குழிகள் இருக்கின்றனவா? இந்த மூன்றையும் பார்க்கப் பழகிய கண்ணை ஒரு பாத்திரக்கடைக்காரரும் ஏமாற்ற முடியாது. இரும்புக் கல்லிலும் இதையே பாருங்கள். விளிம்பை விரல்களுக்கிடையில் பிடித்துச் சுற்றிவாருங்கள். ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்திருந்தால் வேண்டாம். கண்ணாடி மேசையில் வைத்து ஓரத்தை அழுத்துங்கள். ஆடினால் வேண்டாம். மினுங்குகிற கருப்புப் பூச்சு இருந்தால் அது எண்ணெயா வர்ணமா என்று கேளுங்கள். கோயம்புத்தூர் வார்ப்பாலைச் சரக்கானாலும் ஐரோப்பியப் பெயர் பொறித்ததானாலும் சோதனை இதுதான். பெயருக்காகப் பத்து மடங்கு விலை கொடுப்பவர்கள் பெயரைத்தான் வாங்குகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சூட்டைப் பரப்புவது வேறு, சூட்டைப் பிடித்து வைப்பது வேறு. இந்த ஒரு வேறுபாடு விளங்கிவிட்டால் இரும்பைப் பற்றிய குழப்பம் முக்கால்வாசி தீர்ந்துவிடும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் வேகம் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு, அலுமினியத்தினுடையது நான்கு மடங்குக்கு மேல். நம்பாவிட்டால் குளிர்ந்த கல்லில் அரிசி மாவை மெல்லியதாகத் தூவி, காஸ் அடுப்பில் வைத்துப் பாருங்கள். சுடர் தொடும் வட்டத்தில் மா முதலில் பழுப்பாகும், அந்த வட்டம் கருகத் தொடங்கும்போதும் ஓரத்து மா வெள்ளையாகவே கிடக்கும். அடுப்பின் சுடர் வளையத்தை மா அப்படியே வரைந்து காட்டிவிடும். அப்படியானால் இரும்பு அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும் உலோகமா என்று கேட்டால், அதிலும் ஒரு கவனம் வேண்டும். ஒரு கிராம் அலுமினியம் ஒரு பாகை ஏற எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஒரு கிராம் இரும்பினுடையதைப்போல இரண்டு மடங்கு. இரும்பு வெல்வது கனத்தால். 26 சென்ரிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தட்டைக் கல் 1.9 கிலோ நிறுக்கும். அதே அகலத்தில் இரண்டரை மில்லிமீற்றர் அலுமினியத் தட்டு 360 கிராம்தான். கணக்குப் போட்டால் ஒவ்வொரு பாகைக்கும் இரும்புக் கல் இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. ஆகவே, கனமில்லாத மெல்லிய இரும்புச் சட்டியை வார்ப்பிரும்பு என்று சொல்லி விற்றால், அதில் இரும்பின் பலம் இல்லை, பலவீனம் மட்டும் இருக்கிறது.

சேமிப்பு எதற்கு? தேங்காய் ரொட்டிக்கு. தேங்காய்ப்பூவும் கோதுமை மாவும் பிசைந்து கனமாகத் தட்டிய ஈர ரொட்டியைப் போட்டவுடனே கல்லின் சூட்டை அது உறிஞ்சத் தொடங்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக 2,260 யூல் வேண்டும். மெல்லிய சட்டி அந்த அடியைத் தாங்காமல் குளிர்ந்துவிடும். அது மறுபடி சூடேறுவதற்குள் ரொட்டி சிவக்காமலே வறண்டு தடிப்பேறிவிடும். கனத்த கல் அசையாது. மேல் தோல் புள்ளி புள்ளியாகச் சிவக்க, உள்ளே ஈரம் நிற்கும். மலைநாட்டு லயன் அடுப்புகளில் விடிகாலையில் சுட்ட ரொட்டி மத்தியானம் கொழுந்து மலையில் சம்பலோடு பிய்த்துத் தின்னும்படி இருப்பதற்கு இந்தக் கனமும் ஒரு காரணம். கண்டி நகரத்துக் கொத்துரொட்டிக் கடையிலும் இதைப் பார்க்கலாம். முட்டை, மரக்கறி, ஆறிப்போன ரொட்டி என்று அடுத்தடுத்து விழுந்தாலும் அந்தத் தடித்த தகட்டின் இரைச்சல் குறைவதில்லை.

பரப்பாத குணத்தை நம் முன்னோர் அறியாமல் இருக்கவில்லை. விறகடுப்பில் நெருப்பு கல்லின் அடி முழுவதையும் தழுவும். அதனால் கல் பரப்ப வேண்டிய தேவையே இல்லை. காஸ் அடுப்பு வந்ததும் சுடர் ஒரு சிறு வளையமாகச் சுருங்கியது. கல் கெட்டுவிட்டது என்று பலர் சொன்னது அப்போதுதான். கெட்டது கல் இல்லை, மாறியது நெருப்பின் வடிவம். 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்து மக்கள் விறகுக்குத் திரும்பியபோது, பிளாஸ்டிக் கைபிடி போட்ட பூச்சுச் சட்டியை அந்த அடுப்பில் ஏற்ற முடியவில்லை. இரும்புக் கல்லுக்கோ அது தாய்வீடு. அப்பச்சட்டியையும் யோசித்துப் பாருங்கள். பழைய முறையில் அடியில் தணல், மூடியின் மேலும் தணல். அடியில் பட்ட சூடு சட்டியின் ஓரம்வரை தானாக ஏறாது என்பதைத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. காஸ் அடுப்புக்காரர்கள் செய்ய வேண்டியதும் இதே வகைதான்: சுடர் வளையத்தைவிட மிகப் பெரிய கல் வாங்காதீர்கள், சிறு தீயில் பத்து நிமிடம் விடுங்கள், இடையிடையே திருப்பி வையுங்கள். பெருந்தீ வைத்து அவசரப்படுத்தினால் நடுப்பகுதி விரிந்து ஓரம் விரியாமல் நிற்கும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, வெடிக்கும். காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அதே கதை.

மறுப்புகளுக்கு வருவோம். துருப்பிடிக்கும் என்கிறார்கள். பேராதனை ஈரத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்தால் பிடிக்கத்தான் செய்யும். கழுவியதும் அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்து ஒரு துளி எண்ணெய் தேயுங்கள், தீர்ந்தது. பிடித்தாலும் தேய்த்து எடுத்து மறுபடி பழக்கலாம். பூச்சு உரிந்த சட்டிக்கு அந்த மறுவாழ்வு கிடையாது. புளி ஆகாது என்கிறார்கள். உண்மை, கொறுக்காப்புளி போட்ட மீன்கறி படலத்தைத் தின்றுவிடும், கறியும் கறுக்கும். ஆனால் நம் அடுப்படி எப்போதாவது எல்லா வேலையையும் இரும்பிடம் கேட்டதுண்டா? புளிக் கறிக்கு மண்சட்டி இருக்கிறது. விரைவாகக் கிளறும் தாளிப்புக்கும் சுண்டலுக்கும் மெல்லிய இரும்புத் தாச்சி இருக்கிறது, அங்கே சட்டெனச் சூடேறிச் சட்டெனத் தணிவதுதான் குணம். பாலும் பருப்பும் அடியில் அலுமினியம் பதித்த எவர்சில்வரில் நன்றாக வரும். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டி என்று இரும்பை விற்பவரும் சரி, எதற்குமே உதவாது என்று ஒதுக்குபவரும் சரி, அடுப்புக்கு முன் நின்று யோசிக்காதவர்கள்.

உடலுக்கு நல்லது என்று அளவில்லாமல் பேசுபவர்களையும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். எதியோப்பியாவில் இரும்புப் பானையில் சமைத்த வீட்டுக் குழந்தைகளின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடியதாக 1999இல் லான்செற் இதழில் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் தலசீமியா உள்ளவர்களுக்கு உடலில் சேரும் இரும்பே பகை. நம் நாட்டில் அந்த நோயாளர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வீட்டிலிருந்தால் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொரு பக்கம், “கிரனைட்” என்று புள்ளி போட்டு விற்கும் சட்டிகளின் மோகம். அவற்றில் பெரும்பாலானவை அலுமினியத்தின் மேல் புள்ளி தெளித்த வழக்கமான பூச்சுதான். 260 பாகையைத் தாண்டினால் டெப்லோன் பூச்சு சிதையத் தொடங்கும், அந்தச் சூடு வெறும் சட்டிக்குச் சில நிமிடத்தில் வந்துவிடும். அதைக் கல் என்று நினைத்து வாங்குவதைவிட மேலோட்டமான ரசனை அடுப்படியில் வேறில்லை.

கடைசியாக, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். முதல் நாளே முட்டை ஊற்றிச் சோதிக்காதீர்கள். ஒட்டாத கல்லுக்கு முட்டைதான் அத்தாட்சி என்று படம் எடுத்துப் போடுவது ஒரு வித்தை, அதில் கல்லின் குணம் எதுவும் தெரியாது. சுமக்கக் கூடிய அளவில், 24 அல்லது 26 சென்ரிமீற்றரில், தட்டையான ஒரே ஒரு கல் வாங்குங்கள். முதல் மாதம் முழுக்க ரொட்டி மட்டும் சுடுங்கள், இரண்டாம் மாதம் தோசை. முட்டையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.