ஓர் அடித் தொட்டியும் ஒரு ஃபைட்டரும்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் நிறைந்த தெருக்களுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த மீன்தான். அலமாரியில் அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கும். டப்பாவுக்கு ஒரு மீன். புத்தகங்களில் அதன் பெயர் பெட்டா. கடைக்காரருக்கும் வாங்க வந்த பள்ளிச் சிறுவனுக்கும் அது ‘ஃபைட்டர்’. நீலம், சிவப்பு, வெள்ளை, செம்பு என்று ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துப் பிடித்த நிறத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். “இதுக்கு மோட்டார் வேணாம், பெரிய இடம் வேணாம்” என்ற சொல்லை நம்பி, வீட்டில் ஒரு கண்ணாடிக் குடுவையில் விட்டு மேசை மேல் வைக்கிறார்கள். மீன் அசையாமல் கிடக்கிறது, வெளிறுகிறது, சில மாதங்களில் செத்துப்போகிறது. நல்ல பராமரிப்பில் மூன்று நான்கு ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் அது.

ஃபைட்டரின் அழகில் பெரும்பகுதி அதன் நடத்தையில்தான் இருக்கிறது. டப்பாவில் நிறம் மட்டும்தான் தெரியும். அது வேட்டையாடுவதையும், எல்லை காப்பதையும், கூடு கட்டுவதையும், இலையில் சாய்ந்து தூங்குவதையும் பார்க்க வேண்டுமானால் அதற்கு இடமும் வெதுவெதுப்பான சுத்தமான நீரும் ஒளிந்துகொள்ள மறைவும் வேண்டும். அதனால் தொட்டி அமைப்பதை ரசனைக்கு முந்தைய வேலையாக நான் நினைப்பதில்லை. ரசனை தொடங்குவதே அங்கேதான்.

பெட்டா ஸ்பிளெண்டென்ஸ் மத்தியத் தாய்லாந்தின் மீன். சாவ் பிரயா ஆற்றுப்படுகையின் வயல்கள், சதுப்புகள், மெல்ல நகரும் வாய்க்கால்கள்தான் அதன் ஊர். ஆழம் குறைவு, செடி அதிகம், வெயிலில் சூடேறும் நீர், அதில் ஆக்சிஜனும் சொற்பம். அங்கே பிழைப்பதற்கென்றே அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. மீன் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும். அந்த உறுப்பு அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பனையேறிக்கெண்டைக்கும் இதே உறுப்பு உண்டு. குடுவை வியாபாரம் முழுக்க இந்த உறுப்பை நம்பித்தான் நடக்கிறது. ஆனால், காற்றைச் சுவாசிக்கத் தெரிந்ததால் தன் கழிவிலேயே கிடந்து வாழ முடியும் என்று ஆகிவிடாது. அதன் செவுளை அரிப்பது அம்மோனியா. காற்றை விழுங்கி அதிலிருந்து தப்ப முடியாது.

தாய்லாந்துக்காரர்கள் இதைப் பழக்கி வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 400 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. முதலில் சண்டைக்காக வளர்த்தார்கள். வாலுக்காகவும் நிறத்துக்காகவும் வளர்த்தது பிற்பாடுதான். 2019இல் அந்நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2016இல், தாய்லாந்துக் கொடியின் சிவப்பும் வெள்ளையும் நீலமும் பட்டைபட்டையாக அமைந்த ஒரு மீன் இணைய ஏலத்தில் 53,500 பாட் (தாய்லாந்து நாணயம்) விலைக்குப் போனது.

இனி தொட்டிக்கு வருவோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓர் அடி இருக்கும் கண்ணாடித் தொட்டி போதும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 23 லிட்டர் பிடிக்கும். அந்த இரண்டு அங்குலம் முக்கியம்: மீன் மூச்சு வாங்குவது அங்கேதான். மூடியும் கட்டாயம் வேண்டும், ஃபைட்டர் துள்ளும். மூடி இருந்தால் நீருக்கு மேலுள்ள காற்றும் வெதுவெதுப்பாக இருக்கும். நிரப்பிய தொட்டி முப்பது கிலோவை நெருங்கும். ஆட்டம் இல்லாத மேசையில், அடியில் தெர்மாகோல் விரித்து வையுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் வேண்டாம். சித்திரை வெயிலில் நீர் கொதித்துவிடும்.

24 முதல் 28 டிகிரி இதற்கு உகந்தது. சென்னையிலும் மதுரையிலும் ஹீட்டருக்கு வேலையே இல்லை. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்குத் தேவை. இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் தொட்டி இருந்தால் நீரின் சூடு இரவில் இறங்கிப் பகலில் ஏறும். வெறும் சூட்டைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் மீனை அதிகம் வருத்தும்.

அடியில் கழுவிய ஆற்றுக் கூழாங்கல் இரண்டு அங்குலம் போடலாம். அழகுக்காகச் சிப்பியும் பவளக்கல்லும் போடுவார்கள். அவை கரைந்து நீரைக் கடினமாக்கும், தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் செடிகளின் விளிம்பு அந்த மெல்லிய துடுப்புகளைக் கிழிக்கும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மோஸ் மூன்றும் குறைந்த வெளிச்சத்திலேயே வளரும், பிடுங்கி நடும் வேலையும் இல்லை. நூலால் ஒரு மரத்துண்டில் கட்டிவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். அகன்ற அனுபியாஸ் இலை ஒன்று நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்படி பாருங்கள். ஃபைட்டர் அதில்தான் படுக்கும்.

தெருவோர நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுவதை நான் எல்லோருக்கும் சொல்வேன். தாய்லாந்து வளர்ப்பாளர்களும் இதைத்தான் போடுகிறார்கள். இலையிலுள்ள டானின் இறங்கி நீர் இளம்பழுப்பாகும், லேசான அமிலத்தன்மை பெறும். தெளிந்த நீர்தான் அழகு என்று பழகிய கண்ணுக்கு முதலில் உறுத்தும். ஆனால் அந்தப் பழுப்புப் பின்னணியில் நீல மீன் எப்படி ஒளிர்கிறது என்று ஒருமுறை பாருங்கள், திரும்பத் தெளிந்த நீர் கேட்க மாட்டீர்கள்.

மோட்டார் வேண்டாம் என்பது பாதி உண்மை. வேகமாக நீரைத் தள்ளும் ஃபில்டர் இதற்கு எதிரி. பெரிய வாலை இழுத்துக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து நீந்த அதால் முடியாது. சின்ன ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டரைக் குமிழி மெல்ல வரும் அளவுக்குக் குறைத்து வைத்தால் போதும். அந்த ஸ்பான்ஜின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள்தான் தொட்டியின் உயிர். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அவை நைட்ரைட்டாக்கி, பின்பு நைட்ரேட்டாக்குகின்றன. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவதை வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றி வெளியேற்றிவிடலாம், செடிகளும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுக விட வேண்டும். ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பரிடம் பழைய ஸ்பான்ஜில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால், பாலுக்கு உறை ஊற்றியது போல, வேலை சீக்கிரம் நடக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகுதான் மீன் வாங்கப் போக வேண்டும்.

குழாய் நீரின் குளோரின் மீனையும் கொல்லும், நுண்ணுயிர்களையும் கொல்லும். கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சில சொட்டுப் போதும். அதே காரணத்தால் ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் பிழிய வேண்டும். ஆர்ஓ நீர் சுத்தமானதுதானே என்று அதை மட்டும் ஊற்றுபவர்கள் உண்டு. தாதுக்களே இல்லாத நீர் மீனுக்கு ஆகாது.

எந்த மீனை வாங்குவது? வெய்ல்டெயில், முள் முள்ளாகப் பிரியும் கிரவுன்டெயில், விரித்தால் 180 டிகிரி அரைவட்டம் காட்டும் ஹாஃப்மூன், குட்டைவால் பிளாக்காட் என்று பல வகை உண்டு. படத்தில் ஹாஃப்மூனை மிஞ்ச ஆளில்லை. தாய்லாந்துப் புகைப்படக்காரர் விசாருத் அங்கடவனிச் எடுத்த ஃபைட்டர் படங்கள் உலகம் சுற்றுகின்றன. அவற்றில் வால் பட்டுத்துணியாகக் காற்றில் நிற்கும். ஆனால் தினமும் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடித்தது பிளாக்காட்தான். உடலுக்கு ஏற்ற வால் அது. நினைத்த இடத்துக்குச் சட்டென்று திரும்புகிறது, தொட்டி முழுவதையும் ஆள்கிறது. மிகப் பெரிய வாலுள்ள மீன்கள் களைத்துப்போய் அடிக்கடி இலையில் ஒதுங்குவதைப் பார்க்கையில் அந்த அழகுக்கு மீன் கொடுக்கும் விலை மனத்தை உறுத்துகிறது. எதை எடுத்தாலும் டப்பாவை நெருங்கும்போது உங்களைக் கவனிக்கிற மீனை எடுங்கள். துடுப்புகள் ஒட்டிச் சுருங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். தொட்டிக்கு ஒரே ஆண். துணைக்கு இன்னொரு ஃபைட்டரோ வால் நீண்ட கப்பியோ வேண்டாம். ஒரு நத்தை இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை. கண்ணாடியைத் தட்டாதீர்கள், மீனின் பக்கவாட்டுக் கோடு அந்த அதிர்வை உடல் முழுக்க உணர்த்தும். தொட்டியின் மூலைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தன் பாதையை அது வகுத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துத் தொட்டி முன் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

முதலில் வாலை மறந்துவிட்டுச் செவுளுக்குப் பின்னால் இருக்கும் மார்புத் துடுப்புகளைப் பாருங்கள். கண்ணாடி போலிருப்பதால் பலருக்கு அவை இருப்பதே தெரியாது. மீன் நிற்கும்போதும் அவை ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கும், பின்னால் நகர்வதும் அவற்றால்தான். பிறகு மூச்சைக் கவனியுங்கள். மேலே போய் வாயைக் காற்றில் வைத்து இறங்குவது ஒரு நொடி வேலை. அமைதியாக இருக்கும்போது அது நிதானமாக நடக்கும். ஆவேசம் வந்தால் அடிக்கடி போகும். அடுத்தடுத்து மேலே ஓடிக்கொண்டே இருந்தால் நீரில் ஏதோ சரியில்லை.

நிறத்தைப் பார்க்க விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றும் தோலிலுள்ள நிறமிகள். நீலமும் பச்சையும் அப்படி அல்ல; தோல் செல்களுக்குள் அடுக்கியிருக்கும் குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுபவை. அதனால்தான் மீன் உடலைத் திருப்பும்போது நீலம் பச்சையாகி மறுபடி நீலமாகிறது. இதன் மரபும் சுவையானது. ராயல் ப்ளூ ஆணையும் ராயல் ப்ளூ பெண்ணையும் இணைத்தால் குஞ்சுகளில் பாதிதான் ராயல் ப்ளூ. கால் பங்கு டர்க்காய்ஸ், கால் பங்கு ஸ்டீல் ப்ளூ. மார்பிள், கோய் வகைகள் இன்னும் வியப்பு: வாங்கும்போது வெள்ளையாக இருந்த மீன் சில மாதங்களில் நீலத் திட்டுகளோடு நிற்கும். அதை நோயென்று பயப்பட வேண்டாம். வாராவாரம் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வைத்துக்கொண்டால் அந்த மாற்றமே ஒரு தொடர்கதை.

சண்டைக் கோலத்தை அவசியம் பார்க்க வேண்டும், ஆனால் இன்னொரு மீனை வைத்து அல்ல. சின்ன முகக்கண்ணாடி ஒன்றைத் தொட்டியோரம் சாய்த்து வையுங்கள். செவுள் மூடிகள் இரண்டும் விரிந்து முகம் இருமடங்காகும். அடியிலிருந்து தாடி போல ஒரு சவ்வு இறங்கும். பிறகு பக்கவாட்டில் திரும்பி, துடுப்பு எல்லாவற்றையும் விறைத்து, உடலைச் சிலிர்க்கும். நேர்முகம், பக்கவாட்டு என்று மாறிமாறி நடக்கும் இந்த வரிசையைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் வெறும் கோபமாகத் தெரிந்தது ஒரு மொழியாகத் தெரியும். இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க வைத்தால் அது ஓயாத போர், மீனுக்குத் தாங்காது.

உணவு நேரம்தான் வேட்டையைக் காணும் நேரம். காலையில் மூன்று நான்கு பெல்லெட், மாலையில் அதே அளவு, வாரத்தில் ஒரு நாள் எதுவும் வேண்டாம். எப்போதாவது உறைய வைத்த ரத்தப்புழுவைக் கொடுத்துப் பாருங்கள். இரையைக் கண்டதும் மீன் நின்றுவிடும். உடலை லேசாக வளைத்து, இரு கண்ணாலும் குறி பார்த்து, ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். கொசுப்புழு இதைவிட விருப்பமான இரைதான். அதற்காக வீட்டில் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்.

ஒருநாள் காலை ஒரு மூலையில், அல்லது அந்த வாதுமை இலையடியில், நுரைத் திட்டு ஒன்றைப் பார்ப்பீர்கள். அழுக்கென்று வழித்துவிடாதீர்கள், அது கூடு. ஆண் மீன் காற்றை விழுங்கி, வாயின் வழவழப்புப் பூசிய குமிழிகளாக ஒவ்வொன்றாக விட்டுக் கட்டியது. மீன் சந்தோஷமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று சொல்வார்கள். அதைவிட, பருவம் வந்துவிட்டது, குடும்பம் நடத்தத் தயார் என்று கொள்வதே சரி. கூடு கட்டாத மீன் துக்கத்தில் இருப்பதாக வருந்த வேண்டாம். இணை சேரும்போது ஆண் தன் உடலால் பெண்ணைச் சுற்றி அணைக்கும். உதிரும் முட்டைகளை வாயில் பொறுக்கி நுரையில் கொண்டுபோய் வைப்பதும், நழுவி விழுவதை மறுபடி எடுத்து வைப்பதும், குஞ்சு நீந்தும்வரை காவல் நிற்பதும் தந்தைதான். சண்டைக்குப் பெயர் வாங்கிய மீனின் இந்தப் பொறுமையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக ரசிக்கிறேன்.

கூடு கட்டும் உறவுக்காரர் ஒருவர் நம் ஊரிலேயே இருக்கிறார். சூடோஸ்ஃப்ரோமெனஸ் குப்பானஸ் என்ற சிறு மீன் அது; புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்து, அதன் பெயரையே தாங்கி 1831இல் அறிவியல் நூலில் ஏறியது. தென்னிந்திய வயல் வாய்க்கால்களில் வாழ்வது. பளிச்சென்ற நிறம் கிடையாது. ஆனால் மூச்சு வாங்கும் விதமும் நுரைக்கூடும் ஃபைட்டரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும். அதன் வாய்க்கால் அதற்கே இருக்கட்டும்: வளர்க்க முடியாமல் போனாலும் ஃபைட்டரை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.