தெருவிற் பிறந்த தாலாட்டு

ஆண்டுதோறும் டிசெம்பர் மாதத்திலே இலண்டன் நகரின் பழைய தேவாலயங்களிற் கில்டுகள் தத்தம் கரோல் ஆராதனையை நடத்துகின்றன. ஒரே தொழிலைச் செய்வோர் மத்திய காலத்தில் அமைத்துக்கொண்ட குழாமே கில்டு எனப்பட்டது. தையற்காரர், பொற்கொல்லர், மீன் வணிகர் என்னும் பெயர்களைத் தாங்கிய இக்குழாங்களில் இன்று அங்கம் வகிப்போர் பலர் ஊசியையோ உலைக்களத்தையோ தொட்டறியாதவர். எனினும், இத்தகைய ஆராதனைகளிற் பாடப்படுவனவற்றுள் ஒன்று மெய்யாகவே ஒரு கில்டின் ஆக்கம். கொவென்றிக் கரோல் என்பது அதன் பெயர்.

கொவென்றி நகரிலே கம்பளித்துணியின் மயிரைக் கத்தரித்துச் சீராக்குவோரும் தையற்காரரும் சேர்ந்த கில்டு நடித்த நாடகத்தின் பாட்டு அது. அந்நகரின் கில்டுகள் வேதாகமக் கதையைப் பகிர்ந்துகொண்டு, சில்லுப் பூட்டிய மேடைகளிலே தெருவில் நடித்தன. நடித்த காலமும் கிறிஸ்துமஸ் அன்று. கோடையில் வரும் நற்கருணைத் திருவிழா. 1534 இல் ரொபேட் குரூ என்பார் அந்நாடகத்தைத் திருத்தி எழுதினார். பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு ஏரோது மன்னன் கட்டளையிடுகின்றான். படைவீரர் வருமுன் தாய்மார் மூவர் தம் மகவுகளை உறங்கவைக்கப் பாடுகின்றனர்.

தாலாட்டு, குழந்தைக்கு நல்வாழ்வை வாக்களிப்பது. அவ்வாக்கை அளிக்கவியலாத தாயரின் வாயிற் பிறந்தமையால் இப்பாட்டிலே தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே குரலாகின்றன. கொலைக்குக் கட்டளையிட்டவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவும் அது தயங்கவில்லை.

இதனாற் கில்டைத் தொழிலாளர் சங்கமெனக் கொண்டாடுதல் பொருந்தாது. அதனை ஆண்டோர் எசமானரே. கூலிக்கு உழைத்த தையற்காரர் தனியே ஒன்றுகூடுவதை 1415 இல் இலண்டன் நகர ஆட்சி தடைசெய்தமை இதற்குச் சான்று. எசமானரின் அமைப்பிலே தோன்றிய பாட்டு, தெருவில் நின்று கண்ட எளியோரின் அச்சத்தைப் பேசிற்று என்பதே நாம் மனங்கொள்ளத்தக்கது.

கொவென்றி நாடகங்கள் 1579 இல் நிறுத்தப்பட்டன. பாட்டைக் கொண்டிருந்த கையெழுத்துப் பிரதி 1879 இல் பேர்மிங்ஹாம் நூலகத்தில் மூண்ட தீக்கிரையாயிற்று. தோமஸ் ஷார்ப் முன்னரே அதனை அச்சிட்டமையாற் பாட்டுப் பிழைத்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் கொவென்றியைக் குண்டுவீசித் தகர்த்தன, பேராலயமும் பாழாயிற்று. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் அவ்விடிபாடுகளிலிருந்து இப்பாட்டு பி.பி.சி. வானொலியில் ஒலித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தோருக்கு அன்று விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

ஆராதனையிலோ நிலைமை வேறு. அங்கே பாட்டு முடிந்ததும் செபம் தொடர்கின்றது. நாடகத்திலே பாட்டு முடிந்ததும் வாளேந்திய வீரர் வருகின்றனர். அவ்வருகையை நீக்கிவிட்டால் எஞ்சுவது பழமையின் இனிமை மட்டுமே. ஆராதனை கூடாதென்பது நம் வாதமன்று. இப்பாட்டை மாணவருக்கு அறிமுகஞ் செய்யும் ஆசிரியர், அதனை முழு நாடகத்தோடும் சேர்த்தே அறிமுகஞ் செய்தல் வேண்டும். போரிற் குழந்தைகள் மாளும் செய்தி இன்னும் ஓயாத உலகிலே, அத்தாய்மாரின் பாட்டைப் பண்டிகை அலங்காரமாக மட்டும் கேட்டல் கலைக்கும் இழுக்கு, மனிதத்துக்கும் இழுக்கு.