நாவன்மையும் நின்ற இடமும்

சொற்பொழிவை ஆராயப் புகுவோர் சொல்லையும் பொருளையும் எடை போடுவர். பேசியவன் நின்ற இடத்தை மறந்துவிடுவர். வள்ளுவர் இடனறிதலைப் போருக்கும், அவையறிதலைப் பேச்சுக்கும் வகுத்தார். உரோமாபுரிப் பேச்சாளரோ இரண்டையும் ஒன்றாக்கினர்.

கி.மு. 384-ல் மான்லியஸ் என்பானை விசாரித்த கதையை லிவி எழுதியுள்ளார். பகைவரிடமிருந்து தான் காத்த கேப்பிட்டல் குன்றை அவன் சுட்டிக் காட்டினான். குன்று கண்ணில் படும்வரை அவனைத் தண்டிக்க ஜனங்களுக்கு மனம் வரவில்லை. குன்று தெரியாத சோலைக்குக் கூட்டத்தை மாற்றியபின் தண்டித்துவிட்டனர். குற்றம் மாறவில்லை, இடமே மாறிற்று!

கி.மு. 63 நவம்பரில் சிசரோ, கலகம் சூழ்ந்த கத்திலீனைக் கண்டிக்கச் செனட் சபையை ஜூபிட்டர் ஸ்டேட்டர் கோயிலில் கூட்டினார். புறமுதுகிட்ட உரோமரைத் தடுத்து நிறுத்திய தெய்வம் அஃதென்பது அவர்தம் ஐதிகம். அத்தெய்வத்தை விளித்தே பேச்சை முடித்தார். அன்றிரவே கத்திலீன் நகர் நீங்கினான். இது நாவன்மையின் வெற்றியே. ஆனால் டிசம்பர் 5-ல், அவன் கூட்டாளிகளை விசாரணையின்றிக் கொல்ல அதே சபை துணிந்தது எங்கே? ஒற்றுமைத் தேவியின் கோயிலில்! இடத்தின் பெயர் அழகு. செய்த காரியம் அநீதி. அதன் பயனாக கி.மு. 58-ல் சிசரோ நாடு கடந்து வாழ நேர்ந்தது.

இனி நம் கெடாவை நோக்குவோம். 1947-ன் தொடக்கத்தில், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படையினர், கள்ளுக்கடை வாயிலிலேயே மறியல் செய்தனர். போலீசாருடன் மோதலும் சிறைவாசமும் விளைந்தன. மதுவின் கேட்டை மண்டபத்திலும் பேசலாம். ஆயின் உழைத்த கூலி எங்கே கரைகின்றதென்பதை அவ்வாயிலே சொல்லிற்று. அலங்காரம் வேண்டியதில்லை.

இரண்டிற்கும் உள்ள வேற்றுமை யாது? கள்ளுக்கடை, வழக்கின் பொருளாகவே நின்றது; ஆதலின் அது சான்று. குன்றும் கோயிலும் வழக்கிற்குப் புறம்பாய் நின்று கண்ணை ஈர்த்தன. ஆதலின் அவை மயக்கு. சான்று அறிவைத் தட்டியெழுப்பும். மயக்கு அதனைத் தாலாட்டும்.

சுங்கைப் பட்டாணி மண்டபத்திலோ கோயில் முன்றிலிலோ பேச்சுக் கேட்கும் அன்பர்கள், மேடையையும் மாலையையும் மனத்தால் அகற்றிவிட்டு ஒன்று வினவுக: 'இதே பேச்சை லயத்து வாசலில் பேசினாலும் நிற்குமா?' நிற்பின் கொள்க; இல்லையேல் தள்ளுக.