ஓசி: கம்பெனிக் கதையும் ஆம்பூர் பஸ்ஸும்

'ஓசி' என்ற சொல்லுக்கு ஒரு பிறப்புக் கதை உலவுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று போட்டிருக்குமாம். அவற்றுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம். அதன் சுருக்கம்தான் ஓசியாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கு மூன்று சந்தேகங்கள்.

முதலில் எழுத்துக் கணக்கு. அந்தத் தொடரைச் சுருக்கினால் ஓ.சி.எஸ். என்றுதான் வரும். 'ஆனரபிள்' என்ற பட்டத்தையும் சேர்த்து எழுதுவார்கள், அப்போது ஓ.ஹெச்.சி.எஸ். மிச்ச எழுத்தெல்லாம் எங்கே போச்சு?

அடுத்தது சான்று. பொருள் பொருந்துகிறது என்பதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கம்பெனி ஆட்சி 1858-இல் முடிந்தது. அக்காலத் தமிழில் 'ஓசி' புழங்கியதற்கு ஒரு வரியாவது காட்ட வேண்டாமா?

கம்பெனிக் காலத்துப் பெயரின் நிஜமான சுருக்கம் பார்க்கணும்னா ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வாங்க. தோல் தொழிலில் 'ஈ.ஐ.' என்றொரு சொல் உண்டு. ஆவாரம் பட்டையிலும், பிறகு வாட்டில் பட்டையிலும் பதப்படுத்திய தோல் லண்டன் சந்தைக்குப் போனபோது அதற்கு 'ஈஸ்ட் இந்தியா' என்று பெயர். குரோம் முறை வந்த பிறகும் ஈ.ஐ. என்ற பெயர் நிலைத்தது. இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. சொல், பொருள், வியாபாரம் மூன்றும் அறுபடாமல் வந்திருக்கின்றன. ஓசிக் கதையில் இந்த இழை இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த வருஷமே ஓர் அமைச்சர் மேடையில் அதை 'ஓசி' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிப்ட் விட்டு வந்த அக்கா ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "ஓசின்னா யாரோ நமக்குக் குடுக்கிறதுண்ணா. இது எங்க வரிப்பணம்தானே?" என்றார்.

கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கம்பெனிக் கடிதம் மட்டும் இலவசமாகவா போச்சு? ஓட்டக்காரனுக்குக் கூலி யார் கொடுத்தது? வரி கட்டிய குடியானவன்தான். அன்றைக்கு ஓசியில் போனது கம்பெனி. இன்றைக்கு அந்தப் பெயரைப் பஸ்ஸில் ஏறும் பெண்கள் தலையில் கட்டுகிறோம்.

ஓசியின் வேர் எதுவாகவும் இருக்கட்டும். அது எப்போதும் வாங்குகிறவரைக் கூசவைக்கிற சொல்; செலவை ஏற்றவர் யார் என்று கேட்காது. அந்தக் கேள்வியை அக்கா கேட்டுவிட்டார்.